பதினேழும் பதினெட்டும்: வட ஆப்பிரிக்காவில் ஒரு ஜெர்மன் சண்டை விமான அணி, 1941–42

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் சொன்ன சில கிளைக்கதைகள் நீக்கப்பட்டுள்ளன.)



போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனே பரணி பாடப்படும் தகுதி உடையவன் என்று நம் பாட்டியல் நூல்கள் வரையறுத்தன. வீரத்தை எண்ணிக்கையால் அளப்பது நமக்கும் புதிதல்ல. ஆனால் பரணியின் பாட்டுடைத் தலைவன் போரையும் வென்றிருப்பான். இன்று நான் பேசப்போகிறவர்கள் எண்ணிக்கையில் உலகையே வியக்க வைத்தவர்கள், போரிலோ தோற்றவர்கள். இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே பாலைவனத்தில் நடந்தன.

அவர்கள் ஜெர்மன் விமானப்படையின் 27ஆம் சண்டை விமான அணியினர். ஜெர்மன் மொழியில் யாக்ட்கெஷ்வாடர் 27, சுருக்கமாக ஜே.ஜி. 27. லிபியாவிலும் எகிப்திலும் இந்த அணி ஆயிரத்துக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தது. அந்தக் கணக்கும் அந்தத் தோல்வியும் தற்செயலாகப் பக்கத்தில் நிற்பவை அல்ல என்பதே என் வாதம். படைப்பிரிவு எதை எண்ணுகிறதோ, நாளடைவில் அதையே செய்யத் தொடங்குகிறது. ஜே.ஜி. 27 விழுந்த விமானங்களை எண்ணியது. தன் தரைப்படை மேல் விழுந்த குண்டுகளை எண்ண அதனிடம் படிவம் இல்லை.

1. முதலில் அந்த அணி அங்கே எதற்குப் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் விமானப்படையில் ஏறத்தாழ 12 விமானங்கள் கொண்ட பிரிவு ஷ்டாஃபல். மூன்று ஷ்டாஃபல் சேர்ந்தால் குருப்ப. மூன்று குருப்ப சேர்ந்தால் கெஷ்வாடர். 1939 அக்டோபரில் மியூன்ஸ்டர் நகரில் உருவான ஜே.ஜி. 27 பிரான்சிலும் ஆங்கிலக் கால்வாய்க்கு மேலும் பால்கனிலும் போரிட்டது. 1941 ஏப்ரலில் எடுவார்ட் நொய்மான் தலைமையில் அதன் முதல் குருப்ப லிபியாவின் கசாலா விமானத்தளத்தில் வந்திறங்கியது. அங்கே ஜெர்மன் தரைப்படைக்குத் தளபதியாக இருந்த ரொம்மலின் படைக்கு அப்போது வேறு ஜெர்மன் சண்டை விமானக் குருப்ப கிடையாது. இரண்டாம் குருப்ப செப்டம்பரிலும், மூன்றாவது டிசம்பரிலும் வந்து சேர்ந்தன.

   

அவர்களுக்குக் கொடுத்த வேலை மூன்று: தரைப்படையின் தலைக்கு மேல் எதிரிக் குண்டுவீச்சு விமானங்களை வரவிடாமல் தடுப்பது, தங்கள் ஷ்டூக்கா குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணை போவது, எரிபொருள் வந்திறங்கும் துறைமுகங்களையும் கடற்கரைச் சாலையையும் காப்பது. மூன்றிலும் 'எத்தனை வீழ்த்தினாய்' என்ற கேள்விக்கு இரண்டாம் இடம்தான். எதிரி குண்டு போடாமல் திரும்பிப்போனாலே வேலை முடிந்தது.

பிரிட்டிஷார் இந்தத் தளங்களின் மதிப்பை உணர்ந்திருந்தார்கள். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற எஸ்.ஏ.எஸ். அதிரடிப் படை 1941 நவம்பரில் நடத்திய முதல் தாக்குதலின் இலக்கு கசாலா, த்மிமி பகுதியின் விமானத்தளங்களே. புயலில் குதித்தவர்களில் பாதிக்கும் குறைவானோரே திரும்பினார்கள். ஒரு விமானமும் அழியவில்லை. ஆனால் அதே புயல் கசாலாவின் ஓடுதளங்களைச் சேறாக்கி, பிரிட்டிஷ் தாக்குதல் தொடங்கிய நாளில் ஜெர்மன் விமானங்களைத் தரையோடு முடக்கிப்போட்டது.

2. அடுத்தது, கணக்கு எப்படி உருவானது என்பது. ஜெர்மன் சண்டை விமானங்கள் இரண்டிரண்டாகப் பறந்தன. முன்னால் போகிறவர் சுடுவார். பின்னால் வருகிறவர் அவர் முதுகைக் காப்பார். வீழ்த்தியதற்குச் சாட்சியும் பெரும்பாலும் அந்தப் பின்னவரே. தரையிறங்கியதும் படிவம் நிரப்ப வேண்டும்: நேரம், இடம், உயரம், எதிரி விமானத்தின் வகை, சாட்சி. அது பெர்லின் வரை போய் உறுதி பெற வேண்டும். பாதி, கால் என்று பங்கு போடுகிற வழக்கம் கிடையாது. ஒரு விமானம் விழுந்தால் அது ஒருவர் பெயரில் மட்டுமே ஏறும்.

எதிர்ப்பக்கத்தில் நிலைமை வேறு. பிரிட்டிஷ் கணக்கில் இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி. பாலைவனத்தின் மிகச்சிறந்த டோமஹாக் சண்டை விமானியான ஆஸ்திரேலியர் கிளைவ் கால்ட்வெல்லின் கணக்கில்கூட அரை நிற்கிறது. அதைவிட முக்கியம், பறக்கும் காலத்துக்கு அங்கே எல்லை இருந்தது. ஏறக்குறைய 200 மணி நேரம் களத்தில் பறந்த பிறகு விமானியை எடுத்து, பயிற்சிப் பள்ளிக்கோ தலைமையகத்துக்கோ அனுப்பிவிடுவார்கள். கற்றுக்கொண்டது அடுத்தவருக்குப் போய்ச் சேரும்.

ஜெர்மன் விமானிக்கு அப்படியோர் எல்லை இல்லை. சாகும் வரை, படுகாயம் அடையும் வரை, அல்லது மேலிடம் அழைத்துக்கொள்ளும் வரை அவர் பறந்துகொண்டே இருப்பார். பதக்கங்களோ எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வந்தன. கழுத்தில் தொங்கும் வீரச்சிலுவைக்கு ஏங்குகிறவரைப் பார்த்து, "அவருக்குத் தொண்டை வலி" என்று சக விமானிகளே கேலி செய்வார்கள்.

இந்த ஏற்பாட்டில் நாளாக ஆக நல்ல துப்பாக்கிக்காரர் மேலும் மேலும் சுடுவார். மற்றவர்கள் அவருக்குக் காவல் நிற்பார்கள். ஆப்பிரிக்காவில் அணியின் முதன்மை விமானி மார்செய்யின் கணக்கு 151. அடுத்த இடத்தில் வெர்னர் ஷ்ரோயர் 61, அதற்கடுத்து ஹான்ஸ்-ஆர்னோல்ட் ஷ்டால்ஷ்மிட் 59. முதலுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள்.

3. மார்செய்யிடம் சற்று நேரம் நிற்கத்தான் வேண்டும்.

ஹான்ஸ்-யோவாகிம் மார்செய் 1919 டிசம்பரில் பெர்லினில் பிறந்தவர். கட்டளைக்குப் பணியாதவர், இரவுக் கேளிக்கைக்காரர் என்று பெயரெடுத்தவர். ஜே.ஜி. 52இல் அவருக்கு மேலதிகாரியாக இருந்த யோஹன்னஸ் ஷ்டைன்ஹோஃப் அவரை வைத்துக்கொள்ள விரும்பாமல் வெளியேற்றினார். அப்படித்தான் அவர் நொய்மானிடம் வந்து சேர்ந்தார். வந்த புதிதில் எதிரியை வீழ்த்தியதற்கு ஈடாகத் தன் விமானங்களையும் நொறுக்கிக்கொண்டார். நொய்மான் பொறுமைசாலி. பழைய சர்க்கஸ் வண்டி ஒன்றைத் தலைமையகமாக வைத்துக்கொண்டு பாலைவனத்தில் சுற்றியவர் வேறு எப்படி இருப்பார்!

பிறகு மார்செய் தனக்கென்று ஒரு முறையைக் கண்டுபிடித்தார். வேகம் குறைந்த டோமஹாக், ஹரிகேன் விமானங்கள் தாக்கப்பட்டால் வட்டமாகச் சுற்றத் தொடங்கும். ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் இருப்பதன் வாலைக் காக்கும். வழக்கமான ஜெர்மன் விமானி மேலிருந்து பாய்ந்து, சுட்டுவிட்டு, வேகத்தோடு மேலேறிப் போய்விடுவார். மார்செய் அந்த வட்டத்துக்குள்ளேயே நுழைந்தார். வேகத்தைக் குறைத்து, இறக்கை மடல்களை இறக்கி, எதிரியை விடக் குறுகலாகத் திரும்பி, அவன் வந்து சேரப்போகிற இடத்தைக் குறிவைத்துச் சுட்டார். இதற்காகத் தளத்துக்குத் திரும்பும் வழியில் தோழர்களின் விமானங்கள் மேலேயே பொய்த் தாக்குதல் நடத்திப் பழகினார். 1942 ஜூன் 3 அன்று பிர் ஹக்கெய்ம் அருகே தென்னாப்பிரிக்க விமானப்படையின் 5ஆம் பிரிவைச் சேர்ந்த ஆறு டோமஹாக்குகளைப் பதினொரு நிமிடங்களில் வீழ்த்தியதாக அவர் கணக்கில் ஏறியது. ஜூன் 17இல் நூறைத் தாண்டினார்.

அடுத்து நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். நூறைத் தாண்டியதும் அவரை ஜெர்மனிக்கு அழைத்துக்கொண்டார்கள். ஹிட்லர் கையால் பதக்கம், செய்திப்படம், ரோமில் முசோலினியின் தங்கப் பதக்கம். ஆகஸ்ட் 23 வரை அவர் பாலைவனத்தில் இல்லை. எல் அலமைனின் முதல் போர், அதாவது ரொம்மலின் முன்னேற்றம் தடுத்து நிறுத்தப்பட்ட ஜூலை மாதம், அந்த இடைவெளியில் வந்து போய்விட்டது. அணியின் மிகச்சிறந்த ஆயுதம் அப்போது விளம்பரத்துக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

அவர் திரும்பிய சில நாட்களில், ஆகஸ்ட் 30 இரவில், ரொம்மல் அலம் ஹல்ஃபா மேட்டை நோக்கித் தன் கடைசிப் பாய்ச்சலைத் தொடங்கினார். செப்டம்பர் 1 அன்று மார்செய் மூன்று முறை பறந்தார். காலையில் 4, முற்பகலில் 8, மாலையில் 5. ஒரே நாளில் 17. இவற்றில் எத்தனை உண்மையில் விழுந்தன என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் கிறிஸ்டோபர் ஷோர்ஸும் ஹான்ஸ் ரிங்கும் இருபக்க ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கிய காலத்திலிருந்தே, மார்செய்யின் கணக்கு மற்றவர்களோடு ஒப்பிட்டால் நம்பகமானது என்ற கருத்து நிலவுகிறது. நானும் அதை ஏற்கிறேன். அவரைப் பொய்யர் ஆக்கினால் நான் சொல்ல வருவது பலமிழந்துதான் போகும்.

அதே நாட்களில் ரொம்மலின் படை மீது என்ன நடந்தது? பிரிட்டிஷ் பாலைவன விமானப்படையின் பாஸ்டன், பால்டிமோர் குண்டுவீச்சு விமானங்கள் பதினெட்டு பதினெட்டாக அணிவகுத்து வந்தன. எரிபொருள் குறைந்து மணலில் நின்ற டாங்கிகள் மேலும் லாரிகள் மேலும் குண்டு வீசிவிட்டு, அதே அணிவகுப்பில் திரும்பிப் போயின. அடுத்த பதினெட்டு வந்தது. பகல் முழுவதும் இது நடந்தது. இரவில் வெளிச்சக் குண்டுகளின் ஒளியில் வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்கள் தொடர்ந்தன. ரொம்மலே பல முறை குழிக்குள் பதுங்க வேண்டியிருந்தது. செப்டம்பர் 2இல் அவர் பின்வாங்க முடிவெடுத்தார்.

ஆப்பிரிக்காவில் மார்செய் வீழ்த்தியதாகப் பதிவான 151இல் குண்டுவீச்சு விமானங்கள் வெறும் 4. மற்ற எல்லாமே சண்டை விமானங்கள். அவற்றில் பல அந்தப் பதினெட்டுகளைச் சுற்றிக் காவல் வந்தவை. அணி முழுவதன் கணக்கிலும் சாய்வு அதே பக்கம்தான். குண்டுவீச்சு விமானத்தின் பின்னால் போனால் அதன் சுடுநர்கள் திருப்பிச் சுடுவார்கள்; காவல் விமானங்கள் மேலே பாயும்; விழவைக்க நேரம் பிடிக்கும். காவல் விமானம் வட்டமிடும்போது அடிப்பது சுலபம், கணக்கும் ஒன்றுக்கு ஒன்றுதான். பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் கோனிங்ஹாம் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டார் என்றே சொல்லலாம். தன் இளம் விமானிகள் சாகிறார்கள் என்று தெரிந்தும் குண்டுவீச்சை நிறுத்தவில்லை. கிட்டிஹாக் சண்டை விமானங்களின் வயிற்றிலும் குண்டு கட்டித் தரைப்படையைத் தாக்க அனுப்பினார். அது குரூரமான முடிவு. ஆனால் அவர் எண்ணியது வேறொன்றை.

4. எண்ணிக்கை நோய் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இரண்டாம் குருப்பவின் 4ஆம் ஷ்டாஃபல் சாட்சி. 1942 ஆகஸ்டில் அதன் தலைவர் ஃபெர்டினாண்ட் ஃபோக்ல், கார்ல்-ஹைன்ஸ் பெண்டர்ட், எர்வின் சவாலிஷ் உள்ளிட்ட நால்வர் குழு நாள்தோறும் பெரிய கணக்கோடு திரும்பியது. ஒருவருக்கொருவர் சாட்சி. எதிரி ஆவணங்களில் அந்த நாட்களின் இழப்பு அந்த அளவுக்கு இல்லை. அவர்கள் வெறும் மணலில் சுட்டுத் துப்பாக்கியைக் காலிசெய்ததைச் சக விமானிகள் பார்த்துவிட்டார்கள் என்பது அணிக்குள் வழங்கிவந்த செய்தி. ஆகஸ்ட் 19 அன்று தனியாகப் பறக்கப்போன சவாலிஷ் திரும்பவில்லை. அவர் உடல் கரை ஒதுங்கியது. ஸ்பெயினிலேயே போரிட்ட பழைய கை அவர். விபத்தா, தற்கொலையா என்பது கடைசிவரை முடிவாகவில்லை. குழுவைக் கலைத்தார்கள். பகிரங்க விசாரணை எதுவும் நடக்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் பெண்டர்ட்டின் கழுத்தில் வீரச்சிலுவை ஏறியது.

நால்வரைத் தனிப்பட்ட ஒழுக்கக்கேடர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எண்ணுக்குப் பரிசு, எண்ணுக்குப் புகழ், சாட்சி உன் பின்னால் பறப்பவன். இந்த ஏற்பாட்டில் பொய் பிறக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

5. சிலர் மேல் எல்லாம் தங்கியிருந்தால் அந்தச் சிலர் போகும்போது என்ன ஆகும்? விடை 1942 செப்டம்பரில் கிடைத்தது. 51 விமானங்களைத் தன் பெயரில் வைத்திருந்த ஓட்டோ ஷுல்ஸ் ஜூனிலேயே மாண்டிருந்தார். செப்டம்பர் 6இல் முதல் குருப்பவின் குந்தர் ஷ்டைன்ஹவுசன் (40) வீழ்ந்தார். மறுநாள் ஷ்டால்ஷ்மிட் காணாமல் போனார். செப்டம்பர் 30 அன்று, எதிரியைச் சந்திக்காமலே திரும்பிக்கொண்டிருந்த மார்செய்யின் புதிய மெஸ்ஸர்ஷ்மிட் 109ஜி விமானத்தின் எஞ்சின் பழுதாகி அறைக்குள் புகை நிறைந்தது. தங்கள் எல்லைக்குள் வந்ததும் குதித்தார். வால் துடுப்பு அவர் மார்பில் மோதியது. பாராசூட் விரியவே இல்லை. சீதி அப்துர் ரஹ்மானுக்குத் தெற்கே மணலில் விழுந்தார். வயது 22. ஜெர்மன் படையின் மிக உயர்ந்த விருதான வைரப் பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதை அவர் கையில் வாங்கவே இல்லை.

அடுத்த சில நாட்களில் முதல் குருப்ப முழுவதையும் சிசிலிக்கு அனுப்பிவிட்டார்கள். எல் அலமைனின் இறுதிப் போருக்கு மூன்றே வாரம் இருக்கும்போது! ஒரு மனிதர் இறந்ததற்காக ஒரு குருப்பவே களத்தை விட்டுப் போவதை எந்தப் படைநூலிலும் நான் படித்ததில்லை. மற்ற விமானிகளுக்கு மனம் உடைந்துவிட்டது என்பார்கள். அவர்கள் மாதக்கணக்கில் பெற்ற பயிற்சி அவரைக் காவல் காக்கும் பயிற்சி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

6. போருக்குப் பின் இந்தக் கணக்குக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்தது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் 'ஆப்பிரிக்காவின் நட்சத்திரம்' என்று மார்செய் பற்றிய திரைப்படம் வந்தது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலத்தின் ஆப்பன் ஊரிலுள்ள விமானப்படை முகாமுக்கும் அவர் பெயரை வைத்தார்கள். பாலைவனப் போர் சுத்தமான போர், கனவான்களின் போர் என்ற கதை இப்படித்தான் வளர்ந்தது. ஆனால் 1942 ஜூலையில் வால்ட்டர் ரவுஃப் என்ற எஸ்.எஸ். அதிகாரியின் தலைமையில் ஒரு கொலைப்பிரிவு ரொம்மலின் படையோடு சேர்க்கப்படத் தயாராக நின்றது. எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் இருந்த யூதர்களே அதன் இலக்கு. அலமைனில் படை நின்றதால் அந்தப் பிரிவும் நின்றது. சண்டை விமானிகளுக்கு அது தெரிந்திருந்ததா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அவர்கள் வழி திறந்திருந்தால் அந்தப் பிரிவும் அதே வழியில் போயிருக்கும்.

2021இல் ஆப்பன் முகாமின் பெயர் மாறியது. இப்போது அது யூர்கன் ஷூமன் முகாம். 1977 அக்டோபரில் கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்தின் தலைமை விமானி அவர். ஏடனில் கடத்தல்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டவர். முன்பு ஜெர்மன் விமானப்படையில் பறந்தவர். அந்த மாற்றத்தை எதிர்த்த பழைய படையினர் பலர் முன்வைத்த வாதமும், வேறென்ன, ஆப்பிரிக்காவுக்கு முந்தையவற்றையும் சேர்த்து மார்செய்யின் மொத்தக் கணக்கான 158தான்.

7. கடைசியாக, நண்பர்கள் எழுப்பக்கூடிய ஒரு மறுப்பு. ஜே.ஜி. 27 காவல் விமானங்களை விட்டுவிட்டுப் பதினெட்டுகளையே குறிவைத்திருந்தால் அலமைன் வேறு மாதிரி முடிந்திருக்குமா? முடிந்திருக்காது என்பதே என் எண்ணம். ரொம்மலுக்கு எரிபொருள் வர வேண்டிய சான் அந்திரேயா டாங்கர் கப்பல் ஆகஸ்ட் 30இல் மூழ்கியது. ப்ரொசெர்பினா அக்டோபர் 26இல் டோப்ருக் அருகே எரிந்தது. அவற்றை அடித்த விமானங்கள் கடலுக்கு மேல் வந்தவை. பாலைவன வானத்தின் வட்டச் சண்டைகளுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. ஜே.ஜி. 27இல் ஒரு நாளில் பறக்கக்கூடிய நிலையில் இருந்தவை சில பத்து விமானங்களே. ஆகவே அந்த அணி தன் கணக்கால் போரைத் தோற்றது என்று நான் சொல்லவில்லை. தோற்றுக்கொண்டிருப்பதைத் தன் கணக்கால் பார்க்க முடியாமல் போனது என்கிறேன். செப்டம்பர் 1 மாலை கசாலாவிலிருந்து நெடுந்தொலைவு முன்னேறியிருந்த அணியின் எகிப்தியத் தளத்தில் கொண்டாட்டம் நடந்தது. அதே மாலை கிழக்கே டாங்கிப் படையினர் எரிபொருளுக்காகக் காத்துக்கொண்டு குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

மேலிடம் இதிலிருந்து எதையும் கற்றதாகத் தெரியவில்லை. ஜே.ஜி. 27இன் இடத்துக்கு அக்டோபர் இறுதியில் ஜே.ஜி. 77 வந்தது. தலைவர் யோவாகிம் மியூன்ஷெபெர்க், நூறைத் தாண்டிய மற்றொருவர். அவரும் அதே முறையில் பறந்தார், அதே முறையில் எண்ணினார். 1943 மார்ச் 23 அன்று துனிசியா மேல் ஓர் அமெரிக்க ஸ்பிட்ஃபயரை மிக நெருங்கிச் சுட்டபோது அதுவே அவர் விமானத்தில் மோதி இருவரும் விழுந்தார்கள். மியூன்ஷெபெர்க்கின் பெயரில் அது 135ஆவது விமானமாகப் பதிவானது.